பிலாவிலைக் கரண்டி, மஷித்தண்டு, கொங்காணி: பஞ்சகாலப் பள்ளிச் சாமான்களைச் செய்யும் முறை

பள்ளிக் கண்காட்சிக்கோ முகாமுக்கோ பிள்ளைகளோடு இந்தச் சாமான்களைச் செய்வதானால் கோடை விடுமுறையில் தொடங்காதீர்கள், பாதி நடக்காது. கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கம் பள்ளி திறப்பும் எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையும் ஒன்றாகத்தான் வரும். சிலேட்டை அழிக்கும் மஷித்தண்டு முளைப்பது அப்போது. மழைக்குத் தலையில் போடும் சாக்கான கொங்காணிக்கு வேலை வருவதும் அப்போதுதான். மே மாதத்தில் முகாம் நடத்துகிறவர்கள் பிலாவிலையோடும் (பலா இலைக் கரண்டி) நோட்டுத் தையலோடும் நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் எந்தக் காலத்துப் பிள்ளைகளின் வாழ்க்கையைக் காட்டப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். பள்ளிக் கண்காட்சிகளில் அதிகம் தப்பாவது இதுதான். 1940-களின் வீட்டு மேசையில் அணாக் காசை வைத்துவிடுகிறார்கள். அன்று இது திருவிதாங்கூர். கடையில் புழங்கியது சக்கரமும் காசும். 16 காசு ஒரு சக்கரம், 28½ சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். இந்தப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்ற காலம் ஒன்று. 1965-66-இல் மழை பொய்த்து ரேஷன் கடை வரிசை நீண்ட காலம் இன்னொன்று. சிலேட்டும் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) இரண்டுக்கும் பொருந்தும். தட்டைத் தூக்கிக்கொண்டு சத்துணவுக்கு வரிசையில் நிற்கும் பிள்ளையைக் காட்டுவதானால் அது 1982-க்குப் பிறகு. மூன்றையும் ஒரே மேசையில் குவித்தால் பார்க்கிற பாட்டாக்களே சிரிப்பார்கள்.

சிலேட்டு

கல் சிலேட்டு, தகரச் சிலேட்டு என்று இரண்டு உண்டு. கல் சிலேட்டு கீழே விழுந்தால் மூலை தெறிக்கும். தகரத்துக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் கறுப்பு மை உரிந்து வெள்ளை வெள்ளையாகிவிடும். கல் சிலேட்டில் குச்சி வழுக்கினால் பெரும்பாலும் காரணம் எண்ணெய். தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய் கைவழியாக வந்து ஏறியிருக்கும். சலித்த அடுப்புச் சாம்பலைத் தேங்காய்ச் சவுரியில் (நாரில்) தொட்டு வட்டமாகத் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும். சாம்பலைச் சலிக்காமல் தேய்த்தால் அதிலுள்ள மணல் கோடு போட்டுவிடும், அந்தக் கோடு பிறகு போகவே போகாது.

கரி பூசுவது தகரத்துக்கும் மரப்பலகைக்கும்தான். ஒரு கைப்பிடி கோவை இலையைக் கசக்கிச் சாறு எடுங்கள். அதில் அடுப்புக்கரியை நன்றாகப் பொடித்துத் துணியில் சலித்து இரண்டு கரண்டி போட்டுக் குழையுங்கள். துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. வெயிலில் வைத்தால் பொருக்குத் தட்டி உதிரும், நிழலே சரி. கரி கூடிப்போனால் எழுதிய பிள்ளையின் முழங்கை வரை கறுப்பாகும். காய்ந்த பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தால் மிச்சக் கரி போய்விடும். ஊமத்தை இலையில் கறுப்பு நன்றாகப் பிடிக்கும் என்று சொல்வார்கள், பிடிக்கும்தான். ஆனால் அது விஷம். விரலை வாயில் வைக்கிற வயசுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேண்டாம்.

குச்சியை முழுசாகக் கொடுக்கவே கூடாது. இரண்டாக ஒடித்து ஒரு பாதியைக் கொடுத்துவிட்டு மறுபாதியை வீட்டில் வைப்பதுதான் வழக்கம். நீளக் குச்சி சட்டைப் பையிலேயே நாலாக ஒடியும். முனை மழுங்கினால் கருங்கல் படியில் சாய்த்து உரச வேண்டும். கையில் பிடிக்க முடியாத துண்டாகிவிட்டால் மெல்லிய மூங்கில் குழலில் செருகி, இடைவெளியில் காகிதத் துணுக்கை அடைத்தால் இன்னும் ஒரு வாரம் ஓடும். தின்பதற்கும் ஆள் இருக்கும், கண்காணியுங்கள்.

மஷித்தண்டு கிணற்றுச் சுவரிலும் ஈரமான கல்கட்டிலும் தானாக முளைக்கும். கண்ணாடிபோலத் தண்டு, சின்னதாக இதய வடிவ இலை. ஒரு விரல் நீளம் ஒடித்து, ஒடித்த முனையைச் சிலேட்டில் அழுத்தினால் தண்ணீர் கசியும். கசிந்ததை அந்தத் தண்டாலேயே பரப்பி, உள்ளங்கையால் துடைக்கலாம். காலையில் பறித்ததை மத்தியானம் வரை சட்டைப் பையில் வைத்தால் வாடி நாராகிவிடும். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் பள்ளி விடும் வரை தாங்கும். துடைத்த உடனே எழுதக் கூடாது. ஈரத்தில் எழுதினால் அப்போது எழுத்து தெரியாது, காய்ந்த பிறகு சேறுபோலப் பரந்து தெரியும். சிலேட்டைக் காற்றில் நாலு வீச்சு வீசிவிட்டு எழுதச் சொல்லுங்கள். எச்சில் தொட்டு அழிப்பது எல்லாக் காலத்திலும் நடந்தது, எல்லாக் காலத்திலும் அதற்கு அடியும் விழுந்தது.

பழைய தாளில் புது நோட்டு

ஆண்டு முடிந்ததும் எல்லா நோட்டிலும் எழுதாத தாள் நாலைந்தாவது கிடக்கும். அதைச் சேர்த்துத் தைப்பதுதான் அடுத்த ஆண்டின் ரஃப் நோட்டு. முதலில் பிரிக்க வேண்டும்: கோடு போட்டது தனி, போடாதது தனி, நாலுகோடு தனி. கலந்து தைத்தால் கணக்குப் போடும் இடத்தில் நாலுகோடு வந்து நிற்கும்.

நடுவில் மடிப்பு உள்ள இரட்டைத் தாள்களை அப்படியே எடுங்கள். எட்டு இரட்டைத் தாளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் 32 பக்கம் வரும். பத்துக்கு மேல் போகாதீர்கள். உள்ளே இருக்கும் தாள் முன்பக்கம் துருத்தி, ஓரம் படிக்கட்டுபோல நிற்கும். மடிப்பின் மேல் சரியாக மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி ஒவ்வொன்று. துளை மடிப்பை விட்டு விலகினால் நோட்டு ஒருபக்கம் கோணும். துளையைக் கோணி ஊசியால் முதலிலேயே போட்டுவிடுங்கள், தைக்கச் சாதாரண ஊசி போதும்.

நூல் பூக்கட்டும் நூல்தான். இரட்டையாக்கி, மெழுகுவர்த்தியில் ஒரு தடவை இழுத்தால் சிக்காது. உள்பக்கத்திலிருந்து நடுத்துளை வழியாக வெளியே வாருங்கள். மேல்துளை வழியாக உள்ளே போங்கள். நடுவை விட்டுவிட்டுக் கீழ்த்துளை வழியாக வெளியே. பிறகு மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. இப்போது இரண்டு நூல் முனையும் உள்ளே இருக்கும். மேலிருந்து கீழே ஓடும் நீள நூலுக்கு ஆளுக்கொரு பக்கமாக அவற்றை நிறுத்தி முடிச்சுப் போடுங்கள். நூலை இழுப்பது மடிப்பின் திசையிலேயே இருக்க வேண்டும். செங்குத்தாக வெடுக்கென்று இழுத்தால் துளை கிழிந்துவிடும், அந்தத் தாள் முதல் மாதத்திலேயே கழன்றுவிடும்.

ஜோடி இல்லாத ஒற்றைத் தாள்களை இப்படித் தைக்க முடியாது. அவற்றை அடுக்கித் தட்டி, இடது ஓரத்திலிருந்து அரை விரல் உள்ளே தள்ளி மேலாகத் தைக்க வேண்டும். இந்த நோட்டு மலர்ந்து விரியாது. கூட்டல் கழித்தலுக்கு அது போதும்.

அட்டைக்குக் காலண்டர்த்தாள், வெள்ளைப் பக்கம் வெளியே. ஒட்டுவதற்கு மரச்சீனி மாவுப் பசை. இரண்டு மேசைக்கரண்டி மாவைக் கால் தம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒரு தம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கிண்டினால் வெள்ளை மாறிக் கண்ணாடி நிறத்துக்கு வரும். வந்ததும் இறக்கிவிடுங்கள். மாவை நேராக வெந்நீரில் போட்டால் உருண்டை உருண்டையாகும். பூச்சி வராமலிருக்கத் துருசு (மயில்துத்தம்) சேர்ப்பது பழக்கம், அது விஷம், பிள்ளைகள் கை வைக்கிற பசையில் கூடாது. இரண்டு நாளைக்கு மட்டும் காய்ச்சிக்கொள்ளுங்கள். ஒட்டியதும் மேலே அம்மிக்கல்லை ஏற்றி இரவு முழுக்க விட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் அட்டை வளைந்துபோகும்.

பிலாவிலை கோட்டுவது

கஞ்சி குடிக்கக் கரண்டி வாங்கின வீடு அந்தக் காலத்தில் குறைவு. பிலாவிலைதான் கரண்டி. தளிர் வேண்டாம், துவண்டுவிடும். சருகும் வேண்டாம், மடித்தால் வெடிக்கும். கரும்பச்சையாக முற்றிய இலை, இல்லையென்றால் மரத்திலிருந்து அன்றைக்கு விழுந்த மஞ்சள் இலை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். கழுவித் துடையுங்கள். காம்பை ஒடிக்கும்போது பால் வரும், அதைத் துடைக்காவிட்டால் விரலில் பிசுபிசுக்கும்.

பிலாவிலை காம்புப் பக்கம் குறுகி, நுனிப் பக்கம் அகன்றிருக்கும். அகன்ற பக்கம்தான் கரண்டியின் வாய். பளபளப்பான பக்கம் உள்ளே வரும்படி பிடித்து, காம்புப் பக்கத்தின் இரண்டு ஓரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கூம்பாக மடியுங்கள். தென்னை ஈர்க்கிலை இரண்டு அங்குலத்துக்கு ஒடித்து, மேல் மடிப்பில் குத்தி, அடியில் உள்ள மடிப்பையும் பிடித்து, மறுபடி மேலே வரும்படி செருகுங்கள். துணியில் ஊக்கு குத்துவது மாதிரி. ஈர்க்கில் நடுநரம்பைக் குத்தினால் இலை பிளக்கும், நரம்பை விட்டு விலகியே குத்த வேண்டும். முனை வெளியே நீண்டிருந்தால் உதட்டில் குத்தும், நறுக்கிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈர்க்கில் துளையில் ஒழுகினால் மடிப்பு போதாது, இன்னும் அரை விரல் ஏற்றி மடிக்க வேண்டும். முதல் மூன்று இலை வீணாகும், நாலாவது நிற்கும். ஆளுக்கு ஐந்து இலை என்று பறித்து வையுங்கள்.

கஞ்சிக்கு ஒரு தம்ளர் புழுங்கலரிசிக்குப் பத்துத் தம்ளர் தண்ணீர். அரிசி குறைந்த நாளில் தண்ணீர் ஏறும், அவ்வளவுதான். இதைவிடக் கெட்டியாக இருந்தால் பிலாவிலைக்கு வராது, கையால்தான் சாப்பிட வேண்டும்.

மரச்சீனி

1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பரப்பியிருந்தார். பர்மா அரிசி நின்றபோது வீடுகளைக் காப்பாற்றியது அதுதான். பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று கிலோ வாங்குங்கள். தோலும் நரம்பும் முனையும் போக இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே மிஞ்சும். பிடுங்கி இரண்டு நாளுக்கு மேலான கிழங்கு வேண்டாம். வெட்டிப் பார்த்தால் நீலக் கோடு ஓடியிருக்கும், அது வேகவும் வேகாது, ருசியும் கெட்டது.

வெளித் தோலோடு ரோஸ் நிறத்து உள்தோலையும் சேர்த்து உரிக்க வேண்டும், கசப்பு அங்கேதான் அதிகம். இரண்டு அங்குலத் துண்டாக்கி, துண்டுக்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர் வைத்து, மூடாமல் கொதிக்கவிடுங்கள். கிழங்கில் உள்ள சயனைடு ஆவியோடும் தண்ணீரோடும் போக வேண்டும், அதனால்தான் மூடி வேண்டாம் என்பது. முதல் கொதித் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவிடுங்கள். உப்பு கடைசியில். முதலிலேயே போட்டால் கிழங்கு கல்லாக நிற்கும் என்று இங்குள்ள அம்மைமார் சொல்வார்கள். ஈர்க்கில் குத்தினால் இறங்க வேண்டும். வெந்தும் கசந்தால் மேற்கொண்டு தின்னாமல் கொட்டிவிடுங்கள். பச்சையாகக் கடிக்க எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது.

தொட்டுக்கொள்ள: காந்தாரி மிளகாய் பத்து, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஆறு, உப்பு. அம்மியில் ஒன்றிரண்டாகச் சதைத்து, ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். சிறு பிள்ளைகளுக்கு மிளகாயை இரண்டாகக் குறையுங்கள். மிக்சியில் அரைத்தால் கூழாகிவிடும், அந்த ருசி வராது.

மழையில் போவது

கொங்காணிக்குச் சணல் சாக்கு வேண்டும். சாக்கின் அடியில் இரண்டு மூலை இருக்கும். ஒரு மூலையை உள்ளே தள்ளி மற்ற மூலைக்குள் பொருந்தும்படி செருகினால் கூம்புத் தொப்பி கிடைக்கும், மீதி முதுகில் தொங்கும். சின்னப் பிள்ளைக்கு முழுச் சாக்கு தரையில் இழுபடும், வாய்ப்பக்கத்தை மடித்துத் தையுங்கள். நனைந்த சாக்கின் கனம் சாதாரணமல்ல. பள்ளி வாசலில் உதறிக் கொடியில் போட இடம் பாருங்கள், சுருட்டி வைத்தால் மறுநாள் நாறும்.

புத்தகத்துக்குக் கமுகம்பாளை, அதாவது பாக்கு மரத்து மட்டை. காய்ந்த பாளையைக் கால் மணி நேரம் ஊறவைத்து, ஓரத்தை நறுக்கி, புத்தக அளவுக்கு மடித்து, செங்கல் ஏற்றி நிழலில் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் புத்தகத்தை உள்ளே வைக்க வேண்டும். வாழைநாரால் கட்டி, கொங்காணிக்கு உள்ளே நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் தண்ணீர் ஏறாது. மிஞ்சிய பாளையில் ஒருவனை உட்காரவைத்து மற்றவன் இழுத்துப் போகலாம்.

விளக்கு

மண்ணெண்ணெய் விளக்கைப் பெரியவர்தான் ஏற்ற வேண்டும், பிள்ளைகள் சுற்றி உட்காரட்டும். அரிக்கேனின் திரியை நேராக நறுக்கி, இரண்டு முனையையும் இம்மி வட்டமாக எடுங்கள். கூராக விட்டால் சுடர் கொம்புபோல எழும்பிக் கண்ணாடியில் கரி பிடிக்கும். கண்ணாடியை ஆறிய பிறகே சாம்பலும் பழைய செய்தித்தாளும் கொண்டு துடைக்க வேண்டும். சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் விரிசல் விடும். சுடர் படபடத்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது.

எழுதுகிற பிள்ளைக்கு விளக்கு இடது பக்கம் இருக்க வேண்டும், வலது பக்கம் வைத்தால் கையின் நிழல் எழுத்தின் மேல் விழும். இடக்கைப் பிள்ளையானால் எதிர்ப்பக்கம். ஒரு விளக்குக்கு நாலு பேர் என்றால் எழுதுகிறவர்கள் கிட்டே, வாய்விட்டுப் படிக்கிறவர்கள் தள்ளி. அணைக்கும்போது கண்ணாடிக்கு மேலிருந்து ஊதாதீர்கள். திரியை நன்றாகத் தாழ்த்தி, சுடர் நீலப்பொட்டாக ஆன பிறகு கண்ணாடியைத் தூக்கிப் பக்கவாட்டில் ஊதுங்கள்.