உறவின்போது வரும் அடிவயிற்று வலியைக் கையாளுதல்

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெற்றியோசிஸ் நோய், இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 வீதத்தினரைப் பாதிக்கிறது. உறவின்போது ஆழத்தில் எழும் வலியும், பின்னர் மணிக்கணக்கில் நீடிக்கும் உளைவும் அதன் அறிகுறிகளில் அடங்கும். பிள்ளை பிறந்தால் மாறிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வலி மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாட்களில் கூடுகிறது என்பதை ஒரு கொப்பியில் குறித்து, உறவுக்கு வலி குறைந்த நாட்களைத் தெரிவுசெய்யுங்கள். பெண் மேலிருக்கும் நிலையிலோ பக்கவாட்டில் படுக்கும் நிலையிலோ ஆழத்தையும் வேகத்தையும் கட்டுப்படுத்துவது எளிது. வறட்சிக்கு நீர் சார்ந்த உயவுக் களிம்பு உதவும். தேங்காயெண்ணெய் ஆணுறையைப் பலவீனப்படுத்துமாதலால் இரண்டையும் சேர்த்துப் பாவிக்கக் கூடாது. வலித்தால் உடனே நிறுத்துவதென்று கணவருடன் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள், ஏனெனில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கும்போது இடுப்புத்தளத் தசைகள் இறுகி, அடுத்த முறை வலி இன்னும் கூடலாம்.

சுடுநீர்ப் போத்தல் ஒத்தடம் பலருக்கு ஆறுதல் தரும். ஐபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணி மாத்திரைகளைச் சாப்பாட்டின் பின்னரே எடுக்க வேண்டும். சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் வவுனியாப் பகுதியில், அந்நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடவே கூடாது.

வீட்டில் வெளிப்படையாகப் பேச முடியாவிட்டால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தனியாகச் சொல்லி, கிளிநொச்சி அல்லது வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் பெண்நோயியல் வைத்தியரைச் சந்திக்க வழி கேளுங்கள். ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லையென்று ஆகாது. ஹோர்மோன் சிகிச்சை பற்றியும் கேளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போயிருக்கையில் திடீர்க் கடும் வலியோ மயக்கமோ வந்தால், அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.