அப்பாவை நடக்க வைக்க ஒரு மரக்கன்று

'வாக்கிங் போங்கப்பா' என்று சொல்வதை விட்டுவிட்டு, அரை லிட்டர் பாட்டில் இரண்டில் தண்ணீர் நிரப்பிக் கையில் கொடுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று நிமிட நடை தூரத்தில் தெருவோரம் வாடி நிற்கும் ஒரு புங்கன் கன்றோ வேப்பங்கன்றோ இனி அவர் பொறுப்பு. அரிசி கழுவிய தண்ணீரே போதும், உப்பு மட்டும் சேர்ந்திருக்கக் கூடாது.

உடம்புக்காக நடப்பதைத் தள்ளிப்போடலாம், வாடிய கன்றைத் தள்ளிப்போட மனசு வராது. போக வர 25 நிமிடம், கொஞ்சம் வேகமாக நடந்தால், வாரம் ஆறு நாளில் 150 நிமிடம் வந்துவிடும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் உலக சுகாதார அமைப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான். கைக்கு ஒரு பாட்டில் என்றால் பாரம் ஒரு பக்கம் இழுக்காது. ஒரே வாளியில் கொடுத்து அனுப்பாதீர்கள்! குனிய வேண்டாம், நின்றபடியே தூரில் மெல்ல ஊற்றலாம்.

மழைக்காலத்தில் இது எடுபடாது. ஈர மண்ணில் மேலும் ஊற்றினால் வேர் அழுகும், தரையும் வழுக்கும். கண்புரை அறுவை செய்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.