நெல்லையிலிருந்து டெவலப்பர் மாநாட்டுக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கான செய்முறை விளக்கம்

கல்லூரி சிம்போசியத்துக்குப் போய்ப் பழகியவர்கள், மென்பொருள் எழுதுகிறவர்கள் கூடும் டெவலப்பர் மாநாட்டையும் அதே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இங்கிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் ராத்திரி ரயிலில் போய், பிறகு யூடியூபில் வரப்போகிற பேச்சை மட்டும் கேட்டுவிட்டு வருவது காசுக்கும் கேடு, தூக்கத்துக்கும் கேடு.

பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கமிருந்து முதல் தடவை கிளம்பும் மாணவர்களுக்கும், வேலையில் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் அழுத்திச் சொல்லப்போவது ஒன்றுதான்: கையில் நீங்களே செய்கிற ஒரு வேலையும், அதில் தீராத ஒரு சிக்கலும் இருக்கும்போது போங்கள். டிக்கெட், பை, அறை எல்லாம் அதற்கு அடுத்தபடி.

படி 1: எந்தக் கூட்டத்துக்குப் போவது?

மாதக் கூட்டத்தில் தொடங்குங்கள், மாநாட்டில் வேண்டாம். விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் லினக்ஸுக்குச் சென்னையில் பயனர் குழு 1998-லிருந்து இருக்கிறது. பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுகிறவர்களுக்கு 'சென்னைபை' குழு மாதந்தோறும் கூடுகிறது. இவற்றுக்கெல்லாம் கட்டணம் கிடையாது, பெயர் கொடுத்தால் போதும். சென்னை வரை போக முடியாதவர்களுக்குக் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது; இணையவழியில் தமிழிலேயே பேசிக்கொள்கிறார்கள். நாலு கூட்டம் வீட்டிலிருந்தே கேளுங்கள். யார் என்ன பேசுகிறார்கள், எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்று பிடிபட்டுவிடும்.

அடுத்தது மாநாடு. பைத்தான்காரர்களின் பைகான் இந்தியா 2009-ல் பெங்களூரில் தொடங்கியது. பிறகு ஊர் ஊராக நடக்கிறது. 2019-ல் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள் பக்கம் ஆர்வமுள்ளவர்களுக்குப் பெங்களூரில் நடக்கும் இந்தியாஃபாஸ் நல்ல தொடக்கம். லினக்ஸின் ஒரு வகையான டெபியனை உருவாக்குகிறவர்களின் சிறிய மாநாடு 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் நடந்தது. உலகெங்கும் உள்ள டெபியன் ஆட்கள் கூடும் டெப்கான்ஃப் அதே வருடம் செப்டம்பரில் கொச்சிக்கு வந்தது.

கொச்சி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் வடக்கே மட்டும்தான் பார்க்கிறார்கள். மேற்கே திருவனந்தபுரம் நாகர்கோவில் வழியாக 150 கிலோமீட்டர் அளவுதான். 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற மென்பொருள் நிறுவன வளாகம் அங்கே இருக்கிறது, அதைச் சுற்றி நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 2018-ல் அகலப்பாதையாகத் திறந்த பிறகு, பாலருவி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எர்ணாகுளம். ஆகவே நிகழ்ச்சிப் பட்டியலைத் தேடும்போது சென்னை, பெங்களூருடன் திருவனந்தபுரத்தையும் கொச்சியையும் சேர்த்துத் தேடுங்கள். மலையாளம் தெரியாதே என்ற கவலை வேண்டாம், அங்கே பேச்சுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

படி 2: பணமும் வீட்டுச் சம்மதமும்

மாநாடுகளில் மாணவர் டிக்கெட் தனியாக இருக்கும், முன்கூட்டி வாங்கினால் குறைவாகவும் இருக்கும். அதுவும் கட்டுப்படியாகாது என்றால் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். டெப்கான்ஃப் போன்றவற்றில் சாப்பாடு, தங்குமிடம், பயணச்செலவு என்று உதவி கேட்கலாம். விண்ணப்பத் தேதி நிகழ்ச்சிக்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும். அதில் "எனக்கு மிகவும் ஆர்வம்" என்று எழுதினால் எடுபடாது. என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், அங்கே வந்து எதைச் செய்து முடிக்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். தன்னார்வலராகச் சேர்வது இன்னொரு வழி. பதிவு மேசையில் அரை நாள் அடையாள அட்டை கொடுத்தாலே பேச்சாளர்கள் முதற்கொண்டு அத்தனை பேரின் முகமும் பழகிவிடும்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்புதான் திறக்கிறது. மாநாட்டுத் தேதி அறிவித்ததும் 60 நாளை எண்ணிக் காலண்டரில் குறித்துவிடுங்கள். விட்டுவிட்டால் முந்தின நாள் தட்கல்: ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்தான் தோது. 2023-ல் வந்த வந்தே பாரத் காலையில் கிளம்பி மத்தியானத்துக்கு மேல்தான் சேர்க்கும், முதல் நாள் தொடக்க உரை போய்விடும். முந்தின நாளே போய்த் தங்குகிறவர்களுக்குச் சரி. நந்தம்பாக்கம், தரமணிப் பக்கம் நிகழ்ச்சி என்றால் எழும்பூர் வரை போக வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் கிண்டி போய்விடலாம். பெங்களூருக்கு நாகர்கோவிலிலிருந்து வரும் ரயில் நம்மூர் வழியாகத்தான் போகிறது.

வீட்டில் கேட்கும்போது, பெண்பிள்ளைகள் குறிப்பாக, மாநாட்டு இணையதளத்தில் இருக்கும் நடத்தை விதிகள் பக்கத்தைத் திறந்து அம்மா அப்பாவிடம் காட்டுங்கள். யாராவது தகாதபடி நடந்தால் யாரிடம் சொல்வது, அவர்கள் என்ன நடவடிக்கை எடுப்பார்கள் என்று அதில் இருக்கும். அப்படி ஒரு பக்கமே இல்லாத நிகழ்ச்சிக்குப் போகாதீர்கள், ஆண்களும்தான். கல்லூரியில் ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி) வேண்டுமென்றால் அழைப்பு மின்னஞ்சலை அச்சிட்டு, ஒரு வாரம் முன்பே துறைத்தலைவரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 3: கையில் ஒரு சிக்கல்

இந்தப் படிக்காகத்தான் மற்றப் படிகளெல்லாம். பெரிய புராஜெக்ட் தேவையில்லை. நீங்களே எழுதிய ஐம்பது வரி நிரல் போதும், ஆனால் அது எங்கே நிற்கிறது என்று மூன்று வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். நான் யார், என்ன செய்கிறேன், எங்கே மாட்டிக்கொண்டேன். காகிதத்தில் எழுதி, ரயிலில் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி, வண்ணார்பேட்டைக்காரி, பஸ் நேரம் காட்டும் சின்னச் செயலி ஒன்றைப் பைத்தானில் எழுதிக்கொண்டிருந்தாள். ராத்திரி 11:50-க்குக் கிளம்பி 1:10-க்குப் போய்ச் சேரும் பஸ் என்று கொடுத்தால், சேரும் நேரம் கிளம்பும் நேரத்துக்கு முன்னால் போய் நின்றது. வரிசைப்படுத்தினால் அந்தப் பஸ் விடியற்காலைப் பஸ்களோடு கலந்துவிட்டது. வகுப்பில் கேட்டால் தேதியையும் சேர்த்து வை என்றார்கள். வைத்தாள். தினமும் ஓடும் பஸ்ஸுக்கு எந்தத் தேதியை வைப்பது என்று அடுத்த முடிச்சு விழுந்தது.

மாநாட்டில் டீ வரிசையில் முன்னால் நின்றவரிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். அவருக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கமாம்.

"ஏம்மா, அத மறுநாளுன்னு ஏன் நினைக்க? முந்தின நாள் டிரிப்புதான அது. 25:10-ன்னு எழுது."

"25 மணியாண்ணே? அப்படி எழுதலாமா?"

"ஜி.டி.எஃப்.எஸ்-னு ஒரு வடிவம் இருக்கு, பார்த்திருக்கியா? உலகம் பூரா பஸ் நேரத்த அதுலதான் போடுதாங்க. நடுராத்திரி தாண்டுன டிரிப்புக்கு 24-க்கு மேல எண்ணிக்கிட்டே போவாங்க. காட்டும்போது மட்டும் 24-ஐக் கழிச்சுக்கோ."

டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அதைவிட முக்கியம், பொதுப் போக்குவரத்துத் தரவுக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெயர் தெரியாத ஒன்றைக் கூகுளில் எப்படித் தேடுவது? மாநாட்டில் கிடைப்பது பெரும்பாலும் விடை அல்ல, எதைத் தேட வேண்டும் என்ற பெயர். சிக்கலைக் கொண்டுபோகாதவருக்கு அந்தப் பெயர் காதில் விழுந்தாலும் தங்காது.

படி 4: பயிற்சிப் பட்டறைக்கு லேப்டாப்

பட்டறைக்கு முன்தேவைப் பட்டியல் அனுப்புவார்கள். அதில் சொன்ன அத்தனையையும் வீட்டிலேயே நிறுவிவிடுங்கள். நூறு பேர் ஒரே நேரத்தில் ஜி.பி. கணக்கில் இறக்கினால் எந்த அரங்கின் வைஃபையும் தாங்காது, முதல் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும். நிறுவியதோடு நிற்காமல் வைஃபையை அணைத்துவிட்டு நிரலை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். இணையம் இல்லாமல் எது உடைகிறது என்று அப்போதுதான் தெரியும்.

சார்ஜர், ஒரு பென் டிரைவ், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கடைசியாகச் சொன்னது இருந்தால் பக்கத்தில் உட்காரும் நாலு பேர் தானாகவே நண்பர்களாவார்கள். கூடி உட்கார்ந்து லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவும் இன்ஸ்டால் ஃபெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் முந்தின ராத்திரியே படங்களையும் புராஜெக்ட் கோப்புகளையும் வேறொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். லினக்ஸ் நிறுவும்போது பார்ட்டிஷன் (வட்டில் பிரித்த பகுதி) ஒன்று மாறி அழிந்தால் மீட்பது பெரும்பாடு.

பெண்களுக்கு ஒரு தகவல்: 2014-ல் பெர்லினில் தொடங்கிய ஜாங்கோ கேர்ள்ஸ், ஒன்றுமே தெரியாதவர்களுக்கு ஒரே நாளில் ஒரு வலைத்தளம் கட்டக் கற்றுக்கொடுக்கும் இலவசப் பட்டறை. பாடம் முழுவதும் இணையத்தில் இருக்கிறது. அருகில் நடந்தால் தவறவிடாதீர்கள், நடக்காவிட்டால் இரண்டு தோழிகள் சேர்ந்து உட்கார்ந்து அந்தப் பாடத்தையே செய்யலாம்.

படி 5: அரங்கில்

நிகழ்ச்சி நிரலில் இருக்கும் எல்லாப் பேச்சுக்கும் ஓடாதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று போதும். உங்கள் வேலைக்கு நேரடியாக உதவுவது ஒன்று, அறவே தெரியாதது ஒன்று, பேசுகிறவருக்காகப் போவது ஒன்று. மிச்ச நேரம் தாழ்வாரத்தில் இருங்கள். மாநாட்டுக்குப் பழகியவர்கள் பாதி நேரம் அங்கேதான் இருப்பார்கள்.

அங்கே கும்பல் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நுழையக் கூச்சமாக இருக்கும், தெரியும். பல மாநாடுகளில் பேக்-மேன் விதி என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள்: வட்டமாக நிற்கும்போது இன்னொருவர் வந்து நிற்கிற அளவுக்கு இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அந்த இடைவெளி உங்களுக்காகத்தான் இருக்கிறது. போய் நில்லுங்கள், இரண்டு நிமிடம் கேளுங்கள், ஓர் இடைவெளி கிடைத்ததும் ஊர்ப்பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். திருநெல்வேலி என்று சொன்னால் அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு மாமா வீடு இங்கே இருக்கும். பேச்சு அங்கிருந்து நகரும்.

ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும். சென்னையில் என்றால் தமிழிலேயே கேட்டுவிடுங்கள், நிரலில் வரும் சொற்கள் எப்படியும் அவர்களுக்குப் புரிந்தவைதான். மேடையில் பேசியவரிடம் கேள்வி கேட்கும்போது ஒரே ஒரு கேள்வி, அதுவும் ஒரு வாக்கியத்தில். நீளமானதைத் தனியாகப் போய்க் கேளுங்கள். சாப்பாட்டு மேசையில் கூட வந்த நண்பர்களோடு உட்காராதீர்கள். அவர்களோடு ஊரில் தினமும்தான் சாப்பிடுகிறீர்கள்.

சில மாநாடுகளில் பேச்சுகள் முடிந்தபின் 'ஸ்பிரின்ட்' நாள் உண்டு. ஒரு மென்பொருளை எழுதுகிறவர்களே மேசை போட்டு உட்கார்ந்து, புதியவர்களுக்குச் சின்ன வேலை கொடுத்துக் கூடவே இருந்து செய்யவைப்பார்கள். பலர் அதற்குள் ரயிலேறிவிடுகிறார்கள். ரிட்டர்ன் டிக்கெட்டை அந்த நாள் ராத்திரிக்குப் போடுங்கள். ஆவணத்தில் ஒரு பிழை திருத்தினாலும், அது ஏற்கப்பட்டு உங்கள் பெயரில் பதிவாகும்.

படி 6: ஊர் வந்த பிறகு

அறிமுகமானவர்களுக்கு இரண்டு நாளுக்குள் எழுதிவிடுங்கள். வேலை கேட்டு எழுத வேண்டாம். அவர் சொன்னதைச் செய்து பார்த்தது என்ன ஆயிற்று என்று மட்டும் நாலு வரி. பஸ் செயலி மாணவி 25:10 வேலை செய்தது என்று எழுதினாள். பதிலுக்கு அவர் நிறுத்தங்களின் வரைபடத் தரவை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று நீளமாக எழுதியிருந்தார்.

பிறகு உங்கள் கல்லூரி லேபை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, மாநாட்டில் கற்றதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்கு ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2011-ல் வந்தது. வீட்டிலிருந்தே பெங்களூர் வேலை பார்க்கிறவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கூடப் பேச ஒருவரைக் கூப்பிட்டால் வருவார். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை மென்பொருள் விடுதலை நாள், துறைத்தலைவரிடம் கேட்பதற்கு நல்ல காரணம். இன்ஸ்டால் ஃபெஸ்ட் நடத்துவதாக இருந்தால் பத்துப் பேருக்கு ஒரு பென் டிரைவ் வீதம் லினக்ஸை முன்பே ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள், லேபில் மின்வெட்டு நேரம் எப்போது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தமிழில் பாடம் வேண்டுமென்றால் கணியம் இணைய இதழ் 2012-லிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் வெளியிட்டு வருகிறது. எல்லாம் இலவசம், அச்சிட்டுக் கொடுக்கலாம்.

அந்த ஒரு மணி நேரத்தில் பேசியதை ஐந்து நிமிடமாகச் சுருக்கினால் அடுத்த மாநாட்டுக்கான மின்னல் பேச்சு தயார். அதற்குப் பெரும்பாலும் அன்றைக்குக் காலையில் பலகையில் பெயர் எழுதினாலே இடம் கிடைக்கும். பதிவு மேசையில் அட்டை வாங்கியதும் அந்தப் பலகை எங்கே என்று கேளுங்கள்.