மணிக்கு மருந்து கேட்டுப் போன கதை

பாளையங்கோட்டையில் எங்கள் லாப்ரடார் மணி 43 கிலோவுக்கு ஏறிவிட்டான். மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவான். எடை குறைய மருந்து கேட்டுக் கால்நடை டாக்டரிடம் போனேன். அமெரிக்காவில் 2007-இல் நாய்களுக்கென்றே டிர்லோடபைட் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தார்களாம். குடலில் வேலை செய்து பசியை மட்டுப்படுத்தும். வாந்தி, பேதியும் வரலாம். இப்போது அது விற்பனையில் இல்லை. மனிதர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள் என்றார் (நான் அதைத்தான் நினைத்து வைத்திருந்தேன்).

தைராய்டு சோதனையில் குறையில்லை. அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது: ஆச்சி தினமும் மதியம் சொதிச் சோறும், சாயங்காலம் அல்வாத் துண்டும் ஊட்டியிருக்கிறாள். சொதியில் வெங்காயம் வேறு, நாய்க்கு ஆகவே ஆகாது. “பாவம்லா, வாயில்லா சீவன்” என்றாள்.

சரி என்று தீனியை அளந்து வைத்தேன். ஏழு மாதத்தில் 36 கிலோ. ஆச்சி இப்போது வெள்ளரித் துண்டுதான் கொடுக்கிறாள். மணி என்னைத்தான் முறைக்கிறான்.