ஆறு வாரத்தில் ஐந்நூறு ஆண்டுகள்: கோடைக்கால வரலாற்று வகுப்பில் கரையேறுவது எப்படி

நாற்பத்தொரு வயதில், கலிபோர்னியாவின் ஒரு சமுதாயக் கல்லூரியில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உலக வரலாறு படிக்க உட்கார்ந்தேன். பாதியில் விட்ட பட்டத்தை முடிக்க மூன்று கிரெடிட் குறைந்தது. 1500 முதல் இன்றுவரையிலான உலக வரலாறு, ஆறே வாரத்தில். திங்கள் முதல் வியாழன் வரை, காலை எட்டு மணிக்கு, நாளுக்கு இரண்டேகால் மணி நேரம். நான் திருநெல்வேலிப் பக்கம் தமிழ் வழியில் படித்தவள். எங்களுக்கு வரலாறு என்றால் அசோகர் சாலையோரம் மரம் நட்டார், ஐந்து மதிப்பெண். அந்தத் தைரியத்தில் சேர்ந்தவளுக்கு முதல் கட்டுரையில் 'டி' கிடைத்தது. கடைசியில் 'ஏ' வந்தது. இடையில் கற்றுக்கொண்டதை, இந்தக் கோடையில் சேரப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சேருவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். வழக்கமான பருவத்தில் பதினாறு வாரம் நடத்துவதைத்தான் இங்கே ஆறு வாரத்துக்குள் அடைக்கிறார்கள். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால், மற்றப் பருவத்தில் அரை வாரத்துக்கு மேல் தவறவிட்டதற்குச் சமம். ஜூன் 19, ஜூலை 4 விடுமுறைகள் வேறு நடுவில் வந்து விழும். அன்றைய பாடம் எங்கும் போய்விடாது, மறுநாள் தலையில் ஏறும். சான்றிதழில் கறை படாமல் விலகிக்கொள்வதற்கான கடைசி நாளும் முதல் சில நாள்களிலேயே வந்துவிடும். பாடத்திட்டத் தாள் கைக்கு வந்தவுடன் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். இதே ஆறு வாரத்தில் இன்னொரு கனமான பாடமும் எடுக்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். எடுத்த ஒரு பையன் மூன்றாவது வாரத்தில் காணாமல் போனான்.

புத்தகத்தை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நூலகத்தில் பாடநூலின் ஒரு படியை அங்கேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் படிக்கத் தருவார்கள். அந்த இரண்டு மணி நேரக் கெடு நல்லதுதான். கைபேசியைத் தொட விடாது.

வாரத்துக்கு மூன்று அத்தியாயம், ஒவ்வொன்றும் முப்பது பக்கம். முதல் வாரம் நான் ஒவ்வொரு வரியையும் படித்து, முக்கால்வாசிக்கு மஞ்சள் மை பூசினேன். பக்கம் பார்க்க மங்களகரமாக இருந்தது, மண்டையில் ஒன்றும் தங்கவில்லை. பிறகு முறையை மாற்றினேன். முதலில் அத்தியாயத்தின் கடைசி இரண்டு பக்கம். அடுத்து உள்தலைப்புகளும் வரைபடங்களும். அதன்பிறகுதான் முதல் பக்கம். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதைத் தமிழில் அரைப்பக்கம் எழுதுவேன். ஆங்கிலத்தில் எழுதினால் புத்தகத்தின் வாக்கியமே கைக்கு வந்துவிடும்; புரியாததும் புரிந்த மாதிரி தெரியும். தமிழில் அந்தத் தந்திரம் பலிக்காது. புரியாத இடத்தில் பேனா நின்றுவிடும்.

இனி முக்கியமான விஷயம். ஐந்நூறு ஆண்டுகளையும் அப்படியே தலையில் சுமக்க முடியாது. ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போக வேண்டும். சர்க்கரை, பருத்தி, ரப்பர் எதுவானாலும் சரி. எனக்கு வாய்த்தது வெள்ளி.

அது அம்மாவால் வாய்த்தது. எங்களுக்கு இரவு ஒன்பதரை என்றால் அவளுக்குக் காலை பத்து. தினமும் போனில் பேசுவோம். ஒருநாள் போடோசி மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைய பொலிவியாவில் இருக்கிறது. 1545இல் அங்கே வெள்ளி கிடைத்தது. சுற்று வட்டார ஊர்களில் ஏழில் ஒரு பங்கு ஆண்கள் முறைவைத்துச் சுரங்கத்துக்குப் போயாக வேண்டும் என்று ஸ்பானியர்கள் சட்டம் போட்டார்கள். 1571இல் மணிலாவை நிறுவிய பிறகு, அந்த வெள்ளியில் ஒரு பகுதி மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் பசிபிக்கைக் கடந்து மணிலாவுக்கும், அங்கிருந்து சீனாவுக்கும் போனது. பட்டும் பீங்கானும் திரும்பி வந்தன. இப்படிப் படித்ததை ஒப்பித்து முடித்தேன்.

அம்மா கேட்டாள்: "சரி, சீனாக்காரன் அவ்வளவு வெள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்தான்?"

எனக்குத் தெரியவில்லை. முப்பது பக்கம் படித்து, அரைப்பக்கம் எழுதியும், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் போய்த் தேடினேன். அன்று சீனாவை ஆண்ட மிங் அரசு பலவகை வரிகளையும் உழைப்புக் கடமைகளையும் ஒன்றாக்கி, வெள்ளியாகவே செலுத்தச் சொன்னது. காகிதப் பணத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகியிருந்தது. வரி கட்டவே வெள்ளி வேண்டும் என்றால் அதற்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும்! அதன்பிறகு கயிறு தானாக நீண்டது. பிரிட்டன் சீனத் தேயிலைக்கு வெள்ளியைக் கொட்டிக் கொடுத்தது. அதை ஈடுகட்ட இந்தியாவில் விளைந்த அபினி சீனாவுக்குள் போனது. வெள்ளி திசை திரும்பி வெளியேறத் தொடங்கியது. 1839இல் போர். 1842இல் நான்கிங் உடன்படிக்கை. தோற்ற சீனா கட்ட வேண்டிய இழப்பீடு 2.1 கோடி வெள்ளி டாலர். ஹாங்காங்கும் பிரிட்டன் கைக்குப் போனது. போடோசியும் ஹாங்காங்கும் வேறு வேறு அத்தியாயம் என்று நினைத்திருந்தேன். ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

ஆகவே படித்ததை யாரிடமாவது சொல்லுங்கள், பாடம் தெரியாத ஆளாகப் பார்த்து. வகுப்புத் தோழர்களிடம் சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான்.

மூல ஆவணங்களைப் படிக்கவும் இதே குறுக்குக்கேள்வி உதவும். லின் செஷூ என்ற சீன அதிகாரி 1839இல் விக்டோரியா அரசிக்கு எழுதிய கடிதத்தைக் கொடுத்தார்கள். அபினியை நிறுத்தச் சொல்லும் கடிதம். அதில் ஓர் இடத்தில், தேயிலையும் ரூபார்பும் இல்லாமல் வெளிநாட்டார் ஒருநாள்கூட இருக்க முடியாது என்கிறார். தேயிலை சரி, ரூபார்ப் எதற்கு? அகராதியைப் புரட்டினால், நம் நாட்டு மருந்துக் கடையில் பேதிக்கு விற்கும் ரேவல்சின்னி! அந்தக் கிழங்கை நிறுத்தினால் வெள்ளைக்காரர்கள் மலச்சிக்கலிலேயே மாய்ந்துபோவார்கள் என்று சீன அதிகாரிகள் பலர் நம்பினார்களாம். அபினிக்கு உங்கள் நாட்டில் கடுமையான தடை இருக்கிறதே என்றும் லின் எழுதுகிறார். அன்றைய பிரிட்டனில் அப்படித் தடை ஏதும் இல்லை. ஒரே கடிதத்தில் அவருடைய தார்மீகக் கோபமும் தெரிகிறது, எதிராளியைப் பற்றி அவருக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருந்தது என்பதும் தெரிகிறது. ஆவணம் என்ன சொல்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். எழுதியவர் யார், யாருக்கு, எதை நம்பி எழுதினார், எங்கே சறுக்கினார் என்று பாருங்கள். விசித்திரமாகப் படும் ஒரு சொல் இருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். பெரும்பாலும் அங்கேதான் சரக்கு இருக்கிறது.

கட்டுரை விவகாரத்துக்கு வருகிறேன். என் முதல் கட்டுரையின் ஓரத்தில் பேராசிரியர் மூன்று இடத்தில் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: அதனால் என்ன? எரிச்சல் வந்தது. '1545இல் போடோசியில் வெள்ளி கிடைத்தது. 1571இல் மணிலா நிறுவப்பட்டது' என்று எழுதியதில் என்ன பிழை? பிழை ஒன்றும் இல்லை. கட்டுரையும் இல்லை. திருத்தி எழுதியபோது இப்படித் தொடங்கினேன்: 'வெள்ளியைத் தோண்டியது ஸ்பெயின், அதற்கு மதிப்பை ஏற்றியது சீனாவின் வரிமுறை. எனவே பதினாறாம் நூற்றாண்டு வணிகத்தை ஐரோப்பாவின் கதையாக மட்டும் சொல்ல முடியாது.' இதை ஒருவர் மறுத்து வாதாடலாம். மறுக்க இடமில்லாத வாக்கியத்தோடு கட்டுரையைத் தொடங்காதீர்கள்.

ஆண்டுகளில் பத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். என்னுடையவை: 1492, 1571, 1791, 1842, 1868, 1885, 1914, 1929, 1945, 1991. மற்றவற்றை இவற்றுக்கு முன், பின் என்று மாட்டிக்கொள்ளலாம். ஹைட்டியின் அடிமைகள் கிளர்ந்தது 1791 என்று தெரிந்தால், 1804இல் அந்த நாடு விடுதலை பெற்றது பின்னாலேயே வந்துவிடும். வரைபடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வெற்றுத்தாளில் கையால் வரைந்து மலாக்கா, ஹோர்முஸ், பாஸ்பரஸ், சூயஸ், பனாமா ஐந்தையும் குறியுங்கள். கோணல்மாணலாக இருந்தால் பரவாயில்லை.

நான்காவது வாரம் எல்லாரும் சோர்வார்கள். அரையாண்டுத் தேர்வு மாதிரி ஒன்று அப்போதுதான் முடிந்திருக்கும்; வெளியே வெயில் கொளுத்தும்; உள்ளே முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள். எனக்குத் தூக்கம் கலைந்தது எம்டனால். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதைப் பாடநூல் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. 'அவன் சரியான எம்டன்' என்று எங்கள் தாத்தா திட்டுவதை வகுப்பில் சொன்னேன். அன்றிலிருந்து பேராசிரியர் என் பெயரைச் சரியாக உச்சரித்தார்.

அதே வார இறுதியில் கடைசி அத்தியாயங்களை முன்கூட்டியே படித்துவிடுங்கள். ஆறாவது வாரத்தில் நேரம் போதாமல் ஆசிரியர்கள் ஓட ஆரம்பிப்பார்கள். 1955 பாண்டுங் மாநாடு, 1956 சூயஸ் நெருக்கடி, 1960இல் ஒரே ஆண்டில் பதினேழு ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலை, இவ்வளவையும் எங்களுக்கு ஒரே காலையில் முடித்தார்கள். முடிவுத் தேர்வில் பெரிய கேள்வி அதிலிருந்துதான் வந்தது.

தேர்வுக்கு நீல அட்டை போட்ட விடைப்புத்தகத்தை நாமேதான் கல்லூரிக் கடையில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அன்று காலை கடையில் தீர்ந்துபோகும், முந்தின நாளே இரண்டு வாங்குங்கள். பேனாவும் இரண்டு. எழுதத் தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் ஓரத்தில் திட்டம் போடுங்கள். பக்கத்துப் பையன் அதற்குள் ஒரு பக்கம் எழுதியிருப்பான், கண்டுகொள்ளாதீர்கள். வெளியே நூறு டிகிரி அடித்தாலும் தேர்வறையில் ஏசி விரலை விறைக்க வைக்கும். ஒரு சால்வை எடுத்துக்கொண்டு போங்கள்.