லிப்பிட் ரிப்போர்ட்டை (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை முடிவை) நோயாளிக்குப் புரிய வைப்பது எப்படி?

நோயாளியின் ரிப்போர்ட், ஒரு வெள்ளைத்தாள், சிவப்புப் பேனா. இவை போதும். பிளாஸ்டிக்கில் ரத்தக்குழாய் மாடல் வாங்காதீர்கள். வீட்டுக்குப் போவது எழுதிக் கொடுத்த தாள்தான்.

படி 1: டோட்டல் கொலஸ்ட்ராலை விரலால் மறைத்துவிட்டு, கெட்ட கொழுப்பான எல்டிஎல்லில் தொடங்குங்கள். டோட்டலில் நல்ல கொழுப்பான ஹெச்டிஎல்லும் சேர்ந்தே இருக்கும். அதை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் நிம்மதி அடைவதும் தவறு.

படி 2: கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. டோட்டலில் இருந்து ஹெச்டிஎல்லையும், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கிறார்கள். 178 − 42 − (190 ÷ 5) = 98. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. முந்தின நாள் மது, விருந்துச் சாப்பாடு உண்டா என்று கேளுங்கள். பிறகு 10–12 மணி நேரம் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

படி 3: அதிகம் சறுக்குவது இங்கேதான், அவசரப்படாதீர்கள். மேலே உள்ள 98, மாரடைப்பு வந்து ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்த ஒருவருடையது என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் '100-க்குக் கீழ்' என்று அச்சிட்டிருக்கும், அளவு மீறியதைக் காட்டும் தடித்த எழுத்தும் இருக்காது. "நார்மல்தானே சார்!" என்பார். அந்த அளவு பொதுவானது. மாரடைப்பு வந்தவருக்கு 70-க்குக் கீழே, பல மருத்துவர்களின் கணக்கில் 55-க்குக் கீழே வர வேண்டும். அச்சிட்ட எண்ணைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, மருத்துவர் சொன்ன இலக்கைப் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். அடுத்த ரிப்போர்ட்டை அந்தத் தாளோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

இலக்கு எட்டியதும் அடுத்த சிக்கல்: "குறைஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. ஸ்டாட்டின் என்ற இந்த மாத்திரை அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் பழைய நிலைக்கே ஏறிவிடும். எண் குறைந்திருப்பது மாத்திரை வேலை செய்வதால்தான் என்று நேராகச் சொல்லுங்கள். ஒல்லியானவருக்கும், சைவம் மட்டுமே சாப்பிடுபவருக்கும் கொலஸ்ட்ரால் கூடுவது ஏன் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

படி 4: உணவு. "எண்ணெயைக் குறைங்க" என்றால் யாருக்கும் அளவு தெரியாது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர், அதாவது நாளுக்கு மூன்று டீஸ்பூன் சொச்சம். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் இரண்டு லிட்டர். பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பதை நம்பித் தாராளமாக ஊற்றுகிறார்கள்; எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, எல்டிஎல்லை ஏற்றுவது அதுதான். டிரைகிளிசரைடு கூடியவரிடம் எண்ணெயைவிடச் சோற்றின் அளவு, இனிப்பு, மது பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

படி 5: "வீட்டில் கேட்டால் என்ன சொல்வீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

பிற்சேர்க்கை: தசைவலி வந்தால் தானாக மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லட்டும். கடும் வலியோடு சிறுநீர் கருத்துப் போனால் அன்றே மருத்துவமனை. மற்றபடி, மாத்திரை தொடங்கிய 4 முதல் 12 வாரத்துக்குள், முடிந்தவரை அதே லேபில் மறுபரிசோதனை. தேதியைத் தாளின் அடியில் எழுதிக் கொடுங்கள்.