கரகரக்கும் பழைய ஆம்ப்ளிஃபயருக்கு முதல் வைத்தியம்

வால்யூம் குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம், இடது ஸ்பீக்கர் வருவதும் போவதுமாக. பழைய ஸ்டீரியோவில் கைவைத்தால் முதலில் வரும் தொல்லை இதுதான். பெரும்பாலும் பாகம் எதுவும் செத்திருக்காது. உள்ளே தூசியும் களிம்பும்தான்.

பல வருடம் சும்மா கிடந்த செட்டை நேராக பிளக்கில் செருகாதீர்கள். நான் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்து, அதன் வழியாகத்தான் உயிர் கொடுப்பேன். (கரண்ட் வேலை பழக்கமில்லையா, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.) பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்க வாய்ப்பு அதிகம். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது.

பிறகு பிளக்கைப் பிடுங்கி மூடியைக் கழற்றுங்கள். பெரிய கெபாசிட்டர்களில் அப்போதும் கரண்ட் தங்கியிருக்கும். மல்டிமீட்டரில் வோல்ட் இறங்கியதைப் பார்த்த பிறகே கை.

குமிழுக்குப் பின்னால் உள்ள டப்பாவில், கால்கள் வெளிவரும் இடத்தில் சின்ன இடைவெளி தெரியும். அதில் காண்டாக்ட் கிளீனர் (மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) ஒரே ஒரு பீச்சு. குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 30 தடவை திருகுங்கள். துரு நீக்கும் எண்ணெயை ஒருமுறை அடித்துத் தொலைத்தேன். இரண்டே மாதத்தில் முன்னைவிட மோசம். செலக்டர் (ரேடியோ, டேப் என்று மாற்றுவது), டேப் மானிட்டர் (டேப் ரெக்கார்டரிலிருந்து வரும் ஒலிக்கு மாற்றுவது) பட்டன்களுக்கும் இதே வைத்தியம். ஒரு பக்கம் வராவிட்டால் என் முதல் சந்தேகம் டேப் மானிட்டர் மேல்தான்.

நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பீக்கர் மாட்டுமுன் செட்டை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் வயர் மாட்டும் முனைகளில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் நிம்மதி. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் நல்ல ஸ்பீக்கரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.